மடிப்பில் வெட்டியது

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு அவள் கதவைத் திறந்தபோது, ஹாலில் விரித்திருந்த பழுப்புத் தாளில் யாரோ படுத்து எழுந்த தடம் இருந்தது.

முதலில் காற்று என்று நினைத்தாள். ஆனால் ஜன்னல்கள் மூடியிருந்தன. காலையில் அவளே தாழ் போட்டு, வழக்கம்போல் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவை. பகல் முழுதும் அடைபட்டுக் கிடந்த ஹாலில் சிமெண்ட் வாசனையும் தாளின் வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில், தேடினால்தான் தெரியும் அளவுக்கு, தூங்கி எழுந்த தலையணையின் வாசனை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தத் தாள்தான் சோஃபா. இன்னும் வராத சோஃபா.

ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க நின்றும் குனிந்தும் தொங்கியும் வேலை செய்கிறவர். வீட்டில் இருந்தவை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். கடையில் எல் வடிவத் தோல் சோஃபா ஒன்றின் முன் அவர் நின்றுவிட்டார். அதன் ஒரு முனையில் கால் நீட்டிப் படுக்கிற பகுதி தனியாக நீண்டிருந்தது. லவுஞ்சர் என்றார் விற்பனையாளர். அதில் காலை நீட்டியதும் அவருக்குக் கண் சொக்கியது.

“சார், டிஸ்ப்ளே பீஸ் சார். தூங்கிடாதீங்க.”

“தூங்கிட்டா என்னையும் சேத்துப் பேக் பண்ணி அனுப்பிடுங்க.”

மகள் குட்டி அப்பாவின் வயிற்றின் மேல் ஏறிக் குதித்தாள். ஏழு வயது. ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் இருக்க மாட்டாள்.

அவள் மட்டும் உட்காரவில்லை. தையலைக் குனிந்து பார்த்தாள். அங்குலத்துக்கு ஆறு. பரவாயில்லை. புறங்கையால் தோலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. பிறகு அவள் கையின் சூட்டை வாங்கிக்கொண்டது. கையை எடுத்த பிறகும், திரும்பத் தொட்டபோது, அந்தச் சூடு அங்கேயே இருந்தது.

“ஒரிஜினல் லெதர் மேடம்,” என்றார் விற்பனையாளர். “முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கும். உக்கார உக்கார ஆளுக்குத் தக்க மாதிரி இறங்கிக் குடுக்கும். அப்புறம் வேற ஆள் உக்காந்தா அவங்களுக்குச் சுகப்படாது.”

“அப்ப விருந்தாளிங்க சீக்கிரம் கிளம்பிடுவாங்க,” என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

முடிவு செய்ய மூன்று விஷயங்கள் இருந்தன. லவுஞ்சர் வலப் பக்கமா இடப் பக்கமா. அதன் நீளம் ஐந்தடியா ஐந்தரையா. தோல் கறுப்பா காபி நிறமா. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வெட்ட ஆரம்பித்துவிட்டால் மாற்ற முடியாது.

“மேடம் உக்காந்தே பாக்கலையே?”

“அவங்க உக்கார மாட்டாங்க,” என்றார் கணவர். “கல்யாணத்தன்னைக்கு உக்காந்தாங்க. அதுக்கப்புறம் நான் பாத்ததில்ல.”

அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை வெட்டுவதற்கு முன்னால் தாளில் வெட்டிப் பார்ப்பதுதான் வேலை. படத்தை நம்பி, கடைக்காரர் சொன்ன அளவை நம்பி எதையும் வாங்க அவளால் முடியாது. திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து பழுப்புத் தாள் ஒரு சுருள் கொண்டுவந்தாள். நாற்காலிகளை ஓரம் கட்டினாள். சோஃபாவை முழு அளவில் தாளில் வெட்டி, ஒட்டி, ஹால் தரையில் எல் வடிவத்தில் விரித்தாள்.

“இதுல யாரும் மிதிக்கக் கூடாது. சுத்தித்தான் போகணும். நாலு நாள் நடந்து பாருங்க. எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடும்.”

“நாலு நாள் பேப்பர் சோஃபாவா? சரி மாஸ்டர்.” கணவர் தாளை ஒட்டிச் சுவரோரமாக, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்து காட்டினார். குட்டி சிரித்து உருண்டாள்.

நீளம்தான் பிடிபடவில்லை. ஒரு ஆளைப் படுக்கவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கணவர் குளிக்கப் போயிருந்தார். குட்டிதான் பக்கத்தில் இருந்தாள்.

“இங்க வா. நேரா படு. ஆடாத.”

தனியாக ஒரு தாளில் குட்டியைப் படுக்கவைத்து, தலை உச்சியிலிருந்து குதிகால் வரை அவளுடைய இடப் பக்கத்தை மட்டும் சாக்கால் வரைந்தாள். சாக் அக்குளில் பட்டதும் குட்டி நெளிந்தாள்.

“கூசுதும்மா. இந்தப் பக்கம் வரையலையா?”

“வேண்டாம். பாதி இருந்தாப் போதும். மடிச்சு வெட்டினா மறுபாதி தானா வந்துடும்.”

எல்லாப் பேட்டர்னும் அப்படித்தான். பாதிதான் வரைவது. தாளை நடுவில் மடித்து, மடிப்போடு சேர்த்து வெட்டிப் பிரித்தால் முழுசாகக் கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரு நூல் கூடாமல் குறையாமல். அவள் வெட்டிப் பிரித்துக் காட்டினாள். பழுப்புத் தாளில் ஒரு குழந்தை.

“அம்மா! இது நானா?”

“நீதான்.”

அதை லவுஞ்சர் பகுதியின் மேல் ஒட்டினாள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்தாள். ஐந்தடி போதும் போலிருந்தது.

தடம் இப்போது அந்த உருவத்துக்குள் இருந்தது.

அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். தாள் அங்கே மட்டும் மெத்தென்று ஆகியிருந்தது, பலமுறை கசக்கிப் பிரித்ததுபோல். தலை இருந்த இடத்தில் ஒரு வட்டக் குழி. தோள், இடுப்பு, குதிகால். சுருக்கங்களைப் படிப்பது அவளுக்குத் தொழில். ஒரு சட்டையில் எந்த இடத்தில் இழுப்பு விழுகிறது என்று பார்த்தாலே போட்டிருப்பவரின் எந்தத் தோள் தாழ்ந்தது, எந்தக் கால் குட்டை, எந்தக் கையில் பை தூக்குகிறார் என்று சொல்லிவிடுவாள். இரண்டு பக்கமும் ஒத்த உடம்பு யாருக்கும் கிடையாது. இருபது வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் அளந்ததில்லை.

இந்தத் தடத்தில் இழுப்பே இல்லை.

இடது பக்கம் ஒரு கோடு என்றால் வலது பக்கமும் அதே கோடு. அதே நீளம். அதே சாய்வு.

ஆறு பத்துக்குக் கணவர் குட்டியைப் பள்ளிக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தார். வாசலிலேயே அவள் கேட்டாள். “காலைல கிளம்பறப்ப இதுல படுத்தியா?”

குட்டி எட்டிப் பார்த்தாள். “நான் இல்லம்மா.”

“பின்ன?”

“பசிக்குதும்மா.”

மறுநாள் காலை கம்பெனிக்குப் போகுமுன் இரும்பு ஸ்கேலின் விளிம்பால் சுருக்கங்களைத் தேய்த்துச் சமமாக்கினாள். பகல் முழுதும் கை வேலையில் நிற்கவில்லை. இரண்டு காலரைத் தப்பாக வெட்டினாள். மாலையில் வந்து பார்த்தபோது தடம் திரும்பவும் இருந்தது. இன்னும் ஆழமாக.

சமையலறையில் நின்றுகொண்டு ஹாலைக் கவனித்தாள். குக்கரின் மூச்சு, குழாயின் சொட்டு, கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்க்கிற சத்தம், இவற்றுக்கு இடையில் எங்கோ ஒரு சரசரப்பு கேட்டதுபோலவும் கேட்காததுபோலவும் இருந்தது. குட்டி மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள், தாளின் முனைக்கு வந்ததும் நின்றாள். இரண்டு காலையும் ஒடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். யாருக்கோ வழி விடுவதுபோல.

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்ல.”

ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தபோது குட்டி தாளில் படுத்திருந்தாள். தாளின் விளிம்பில். பாதி உடம்பு வெறும் தரையில்.

“மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? படுத்ததுதான் படுத்தே, ஏன் இப்படித் தரையில கிடக்கறே? இவ்வளவு இடம் இருக்கே.”

“இடம் இல்லம்மா.”

அவள் குட்டியை வாரித் தூக்கினாள். குட்டி கால்களை உதறினாள், வழக்கம்போல. அந்த உதைப்பு வயிற்றில் பட்டு வலித்தது. வலி நன்றாக இருந்தது. உடனே தாளைச் சுருட்டி, நூலால் கட்டி, கதவுக்குப் பின்னால் சாத்தினாள். சுருள் கனத்தது. ஈரம் இழுத்தால் தாள் கனக்கும். கனக்கும்தான்.

“என்னாச்சு, சோஃபா வித்தாச்சா?” என்றார் கணவர்.

“அளவு பாத்தாச்சு. போதும்.”

“எந்தப் பக்கம்?”

அவளுக்குத் தெரியவில்லை. சோஃபாவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? பேப்பர் கசங்குகிறது என்றா? பாத்திரத்தைத் திரும்பவும் கழுவினாள்.

வியாழக்கிழமை அவள் வருவதற்குள் கணவரும் குட்டியும் வந்துவிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் தாள்.

விரித்துக் கிடந்தது. நூல் அவிழ்ந்து மூலையில் சுருண்டிருந்தது.

“நான்தான் விரிச்சேன்,” என்றார் கணவர். “பால்கனிக் கதவு இடிக்குமான்னு பாக்கலையே நீ. நாளைக்குச் சொல்லணும்ல? விரிச்ச ரெண்டு நிமிஷத்துல குட்டி அதுலயே படுத்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்துட்டா.”

“அதுல படுத்தாளா? எவ்வளவு நேரம்?”

“ஒரு அரை மணி. ஏன் இப்படிப் பதறுறே? பேப்பர்தானே. பேப்பர் சோஃபாலயே இந்தத் தூக்கம்னா, தோல் வந்தா பள்ளிக்கூடமே போக மாட்டா.”

குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு முட்டியில். இரண்டு பாதமும் தரையில் பக்கம் பக்கமாக.

“இவளைப் பாரு. எழுந்ததுலேருந்து ஆடாம அசையாம உக்காந்திருக்கா. உனக்குப் பொறந்தவளா இவ?”

குட்டி சிரித்தாள்.

“அடடே,” என்றார் கணவர். “கன்னத்துல குழி ரெண்டு பக்கமும் விழுது! இதுக்கு முன்னாடி ஒரு பக்கம்தானே விழும்?”

இடக் கன்னத்தில்தான் விழும். பிறந்த மூன்றாம் மாதம் முதல் அங்கேதான். அவள் பார்த்தாள். இரண்டு குழிகள். ஒரே ஆழம். ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் மறைந்தன.

“வளர்ற பிள்ளைங்களுக்கு மாறும்போல,” என்றார் கணவர்.

“மாறும்,” என்றாள் அவள்.

அன்றைக்குக் குட்டி தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சொன்னதும் பல் தேய்த்தாள். சொன்னதும் படுத்தாள். மல்லாக்க, நேராக, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி. குட்டி கட்டிலில் குறுக்கே படுப்பவள். வலது பக்கமாகச் சுருண்டு, அம்மாவின் இடுப்பில் ஒரு காலைப் போட்டு, ஒரு மணிக்கு ஒருதரம் புரண்டு, யாரையும் தூங்க விடாதவள்.

விடியும்போது ஐந்தரைக்கு விழித்தாள். பக்கத்தில் குட்டி அதே இடத்தில் அப்படியே இருந்தாள். போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஜன்னலில் வெளுப்பு. கணவரின் குறட்டை. அதற்கு அப்பால், ஹாலில், தாள் சரசரத்தது.

நின்றது.

மறுபடியும். இந்தத் தடவை நீளமாக. யாரோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புகிற சத்தம். பிறகு திரும்பப் பழைய பக்கத்துக்கே. படுக்கை வசப்படாமல் புரள்கிறவர்களின் சத்தம்.

அந்தச் சத்தத்தை அவள் ஏழு வருஷமாகக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் படுத்து.

கணவர் எழுந்து விளக்கைப் போடும் வரை அவள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குட்டிக்குப் பள்ளிச் சட்டையை மாட்டினாள். அவளே தைத்தது. எல்லாரையும்போல் குட்டிக்கும் ஒரு தோள் தாழ்வு. வலத் தோள், அரை அங்குலம். அதற்குத் தக்கபடி வலப் பக்கத்தைச் சற்று இறக்கி வெட்டித் தைத்திருந்தாள். போன வாரம் வரை சட்டை மேல்தோல்போல் உட்கார்ந்தது. இன்றைக்கு வலத் தோளில் ஒரு இழுப்பு. கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக, கயிறு இழுத்ததுபோல் ஒரு கோடு.

சட்டையை நீவிவிட்டாள். இழுப்பு திரும்ப வந்தது.

டேப்பை எடுத்தாள்.

கழுத்தடியிலிருந்து தோள் முனை. இடது. வலது. தோள் முனையிலிருந்து மணிக்கட்டு. இடது. வலது. அக்குளிலிருந்து இடுப்பு. முட்டி. கணுக்கால். பாதம். திரும்ப முதலிலிருந்து. நம்பாமல் மூன்றாம் முறையும். எண்கள் ஜோடி ஜோடியாக வந்தன. ஒரு நூல் கூடாமல். குறையாமல்.

குட்டி நின்றாள். டேப்பின் நுனி பட்டாலே நெளிந்து ஓடுகிறவள், அக்குளில் விரல் பட்டும் நெளியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுமையாக. நேராக.

அவள் சமையலறைக்குப் போய்க் கணவரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“ஏங்க. இவளுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு.”

“என்ன ஒண்ணா இருக்கு?”

“எல்லாம். தோள், கை, காலு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு.”

“எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்?”

“யாருக்கும் இருக்காது.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் செய்ய வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரு. முதல்ல உக்காரு. நாலு நாளா நீ தூங்கல. நான் இவளை ஸ்கூல்ல விட்டுடறேன். சாயங்காலம் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு, அப்படியே கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். சோஃபாவைப் பத்தி நீ இனிமே யோசிக்கவே வேண்டாம்.”

அவள் உட்காரவில்லை. குட்டி வாசலில் திரும்பிக் கையசைத்தாள்.

இரண்டு கையையும்.

கம்பெனியில் வெட்டு மேஜையின் முன் நின்றாள். பன்னிரண்டு மணிக்கு உதவியாளன் தாளை மடித்து அவள் முன் வைத்தான். மடிப்பின் மேல் கை வைத்தாள். இந்தப் பக்கம் பாதி. அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அளக்காத பாதி. தாழ்ந்த தோள் இருந்த பாதி. குழி விழாத கன்னம் இருந்த பாதி. அவள் வேண்டாம் என்று விட்ட பாதி.

கத்தரியை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். இரண்டு பஸ் மாறினாள். சிக்னலில் நின்றபோது இறங்கி நடந்தாள். நடந்தது போதாமல் ஓடினாள்.

நான்கு மணிக்கு வீடு. பூட்டை இரண்டு தடவை தவறவிட்டுத் திறந்தாள்.

பால்கனி வெயில் தாளின் ஒரு ஓரத்தில் விழுந்திருந்தது. லவுஞ்சர் பகுதி நிழலில். அவள் ஒட்டிய உருவம் அங்கே நேராகக் கிடந்தது. கை இரண்டும் ஒத்து. கால் இரண்டும் ஒத்து. தடம் அந்த உருவத்துக்குள் இல்லை.

குறுக்கே இருந்தது. கோணலாக. வலது பக்கமாகச் சுருண்டு. முட்டிகள் வயிற்றோடு மடங்கி.

இழுப்பு இருந்தது. கழுத்திலிருந்து கீழே சரிகிற ஒரு கோடு. வலத் தோள். தாழ்வு. அரை அங்குலம். டேப் தேவைப்படவில்லை. இந்த உடம்புக்கு அவள் பதினோரு சட்டை தைத்திருக்கிறாள்.

மண்டியிட்டாள். உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தாள்.

சூடு.

கைக்கு அடியில் தாள் எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

“குட்டி.”

சுருக்கங்கள் நகர்ந்தன. மெல்ல. தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதுபோல் அவள் பக்கமாகத் திரும்பின. தாளில் ஒரு சின்னக் குழி அவள் முட்டிக்கு அருகில் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஐந்து. விரல்கள்.

தாளில் இருந்தது குட்டி. பள்ளிக்குப் போனது குட்டி இல்லை.

இரண்டு கைகளையும் தாளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். கனம் இருந்தது. இருபது கிலோ. அவளுக்குத் தெரிந்த இருபது கிலோ. முழங்கை வரை வந்தது. பிறகு தாள் மட்டும் கையில் வந்தது. கனம் நழுவித் தரையில் மோதியது. தாளின் விளிம்பு இரண்டு விரல்கடை கிழிந்தது. கிழிந்த சத்தத்தோடு இன்னொரு சத்தம். மூச்சை உள்ளிழுக்கிற சத்தம். அடி பட்டதும், அழுகை வருவதற்கு முன்னால், குழந்தைகள் இழுப்பார்களே, அது.

அழுகை வரவில்லை.

“இல்ல. இல்ல. அம்மா தூக்கல. படு. அப்படியே படு.” தாளை நீவினாள். கிழிந்த இடத்தை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒட்டு டேப் மேஜையில் இருந்தது. கையை எடுக்கப் பயந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் தாளைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. அவள் முதல் முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பையில் ஃபோன் அடித்தது. ஒரு கையால் எடுத்தாள்.

“வந்துட்டேன் கடைக்கு,” என்றார் கணவர். பின்னால் விற்பனையாளரின் குரல், ஏதோ பாட்டு. “காபி கலர், அஞ்சடின்னு சொல்லிட்டேன். லவுஞ்சர் எந்தப் பக்கம்?”

“வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க உடனே வாங்க.”

“என்னது?”

“குட்டி எங்க?”

“கீழ கேட்டுல விட்டேன். அப்பவே மேல வந்திருப்பாளே. நல்லாத்தான் இருக்கா. வர்ற வழியெல்லாம் சிரிச்சிட்டே வந்தா.”

அவள் ஃபோனைத் தரையில் வைத்தாள். அவர் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

படியில் காலடி.

குட்டி இரண்டு படியாகத் தாவுவாள். மூன்றாவது திருப்பத்தில் தடுக்குவாள். கைப்பிடியில் பையை மோதுவாள்.

இந்தக் காலடி ஒவ்வொரு படியாக வந்தது. இடது. வலது. ஒரே கனம். ஒரே இடைவெளி. தடுக்கவில்லை.

கதவு. சாத்தினாளா? சாவி வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினால் ஆறு எட்டு தூரம். தாளின் கிழிசல் அவள் விரலுக்குள் இருந்தது. அதற்கு அடியில் தாள் வேகமாக எழும்பித் தாழ்ந்தது.

கதவு திறந்தது.

குட்டியின் முகம். குட்டியின் சட்டை, வலத் தோளில் இழுப்போடு. ஷூவைக் கழற்றினாள். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள். பையை இறக்கினாள். தாளைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. நேராக, தாளை மிதித்தே நடந்து வந்து லவுஞ்சரின் ஓரத்தில் நின்றாள்.

தாளில் இருந்த சுருக்கங்கள் ஒடுங்கின. முட்டி, தோள், தலை. எல்லாம் சேர்ந்து சுவரோரத்துக்குப் போயின. அங்கே குவிந்து நடுங்கின. விளிம்புக்கு அப்பால் வெறும் தரை.

வந்தவள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள். இரண்டு கன்னத்திலும் குழி விழுந்தது.

“அவளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லும்மா.”